கருவிக்கு நெற்றி எது?

சாமி காரியத்தில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அந்தப் பக்தியாலேயே ஒருமுறை மலேசியாவின் பங்கோர் தீவுப் பக்கத்துக் கடல் முழுவதையும் சேறாக்கியிருக்கிறேன். (கணினித் திரையில்தான். ஆனாலும் மானம் போக அது போதும்.)

அப்போது எனக்கு வேலையில் மூன்றாவது மாதம். ஈப்போவில் அலுவலகம் வைத்துக்கொண்டு, லுமுட்டிலிருந்து படகில் போய்க் கடலை அளந்து தரும் சிறிய நிறுவனம் அது. ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்து, மின்னணுவியலில் டிப்ளோமா முடித்திருந்த நான் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆகிவிட்டது என்றே அம்மா எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். எதிர்வீட்டு அக்கா கேக் செய்து கொடுத்து, அதை நாங்கள் தின்றும் ஆயிற்று. இனி நிரந்தரமாகாமல் இருக்கவே முடியாது.

அந்த வாரம் புதுக் கருவி ஒன்று வந்தது. பெரிய வெந்நீர்க் குடுவை அளவு இருக்கும். கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினால், ஒவ்வோர் ஆழத்திலும் சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று அளந்து திரையில் கோடு போட்டுக் காட்டும். கலங்கலை அளப்பதற்கு அதன் பக்கவாட்டில் பத்துக் காசு அளவில் வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் வழியே வெளியே போகும் ஒளி, தண்ணீரிலுள்ள தூசியில் பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு கலங்கல். இதையெல்லாம் கையேட்டில் அடிக்கோடு போட்டுப் படித்திருந்தேன்.

"புது மோட்டார் வாங்கினாலே பொட்டு வைக்கிறோம். கடலுக்குள்ள எறங்குற சாமானை அப்படியே விடலாமா? வச்சிட்டு எறக்கு," என்று அம்மா சந்தனமும் குங்குமமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் தொழில்நுட்பம் படித்தவள் இல்லையா? சந்தனம் தண்ணீரில் கரைந்துவிடுமே என்று யோசித்து, இரண்டையும் வேசலினில் குழைத்து எடுத்துப் போனேன். (இப்படி ஒரு முன்யோசனை அதற்கு முன்பும் எனக்கு வந்ததில்லை, பின்பும் வரவில்லை.)

படகுத்துறையில் யாரும் வருவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும். கருவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். முகம் எது, முதுகு எது என்றே தெரியவில்லை. நெற்றி என்று சொல்லும்படி இருந்தது அந்த வட்டக் கண்ணாடி ஒன்றுதான். கச்சிதமாக அதன் நடுவில் பொட்டை வைத்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

படகில் என்னுடன் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சேகர் அண்ணன், என் மேலதிகாரி. என்னைப் பற்றி அறிக்கை எழுதப் போகிறவரும் அவர்தான். இன்னொருவர் ஈப்போ வியாபாரி மிஸ்டர் சோங். மீன் வளர்க்கக் கூண்டு போட, தெளிந்த தண்ணீராக இடம் தேடிக்கொண்டிருந்தார்.

கருவியை இறக்கினோம். திரையில் கலங்கல் கோடு விர்ரென்று உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றுகொண்டது.

"என்னா இது, கடலா கோப்பியா?" என்றார் சேகர் அண்ணன்.

அடுத்த இடத்திலும் அதே கோடு. மூன்றாவது இடத்திலும் அதேதான். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் மிஸ்டர் சோங்குக்கு மலாய் மொழியில் ஒரு விரிவுரையே நிகழ்த்தினேன். மலையில் மழை, ஆற்றில் சேறு, அடிநீரோட்டம் என்று கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவர் பயபக்தியோடு கேட்டுவிட்டு, தன் தம்பியைக் கைப்பேசியில் அழைத்து, இந்த இடம் வேண்டாம், வேறு பார் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சேகர் அண்ணன் மட்டும் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தங்கச்சி, நம்ம கண்ணுக்குக் கீழ ஓடுற மீனு தெரியுது. இதுக்கு மட்டும் தெரியலையா?"

"மெஷின் பொய் சொல்லுமாண்ணே?"

அவர் கருவியை மேலே இழுத்துத் திருப்பினார். சிவப்பாக ஒற்றைக் கண் எங்களை முறைத்தது.

"இது என்னா லா?"

"ஏதாச்சும் கடல் உயிரினமா இருக்கும்ணே. ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

அவர் விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். "இந்த உயிரினம் சந்தன வாசம் அடிக்குதே."

ஒப்புக்கொண்டேன். கடலில் குதித்துவிடலாமா என்று தோன்றியது. உயிர்காப்பு அங்கி போட்டிருந்ததால், மிதந்துகொண்டே அவமானப்பட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மிஸ்டர் சோங்குக்கு விஷயத்தைச் சொன்னோம். தம்பியை மறுபடி அழைத்துப் பேசிவிட்டு, என்னிடம் மலாயில் நிதானமாகச் சொன்னார்: "நானும் புதுக் காருக்குச் சிவப்புத் துணி கட்டுவேன். கண்ணாடியை மறைத்துக் கட்ட மாட்டேன்."

பாத்திரம் கழுவும் சோப்பால் துடைத்து மறுபடி இறக்கினோம். கோடு கீழே இறங்கியது. கடல் அன்று காலை முழுக்கத் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது.

சேகர் அண்ணன் நல்லவர், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதினார். என் பயிற்சிக் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டது. கருவியை இறக்குமுன் சரிபார்க்கும் பட்டியலில், கண்ணாடியில் எண்ணெய், சேறு, குங்குமம் இருக்கக் கூடாது என்று ஒரு வரி ஏறியது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் குங்குமம் ஏன் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இப்போது நான்தான்.

பயிற்சி நீட்டிப்புக் கடிதத்தை நான்கு நாள் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். கேக் தின்ற வாயால் எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. ஐந்தாம் நாள் அம்மாவிடம் அழுதுகொண்டே படித்துக் காட்டினேன். அம்மா அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பாத்தியா, பொட்டு வச்சதாலதான் வேலையே போயிடாம மூணு மாசத்தோட தப்பிச்சுச்சு."

மூன்று மாதம் கழித்து வேலை நிரந்தரமானபோது அந்தப் புகழும் பொட்டுக்கே போனது.

போன மாதம் என் தம்பி இரண்டாவது முறையாகக் கார் லைசென்ஸ் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்து நின்றான். வீட்டில் யாரும் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மா நேராக என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அந்தக் காருக்கு நீயா பொட்டு வச்ச?"