ஆக்சிடெண்ட் வண்டி

மீட்டர் அந்த லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பி, காற்று வெளியேறும் துவாரத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

“அப்பா, என்ன பண்றீங்க?” என்றாள் மகள், உதடு அசையாமல்.

“பெயிண்ட் வாசனை வருதான்னு பார்க்கிறேன்.”

பழைய கார்களை வாங்கி விற்பது அவர் தொழில். எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் உள்ளே குனிந்து, ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பார். யாராவது அதைத் திருத்தியிருந்தால் அந்த நிமிடமே சொல்லிவிடுவார். அதனால் சந்தையில் அவருக்கு ‘மீட்டர்’ என்றே பெயர். இருபத்திரண்டு வருடங்களில் அவரை யாரும் ஏமாற்றியதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதை அவரே சொல்லிவிடுவார்.

மகள் கணினி அறிவியல் முதலாண்டு. திங்கட்கிழமை முதல், சொந்த லேப்டாப் இல்லாதவர்களுக்குப் புரோகிராமிங் வகுப்பில் இடமில்லை என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அன்று வியாழன். புது லேப்டாப் வாங்க வசதி இல்லை. மூன்று நாள் அலசி, இந்தப் பழைய லேப்டாப் கடையில் மகள் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள். பதினாறு ஜிபி ரேம், முப்பதாயிரம் விலை.

“கீபோர்டு ஏன் இப்படி மின்னுது?” என்றார் மீட்டர்.

“பழசுல எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு சார். புதுசு மாட்டிட்டோம்” என்றார் கடைக்காரர், பாராட்டை எதிர்பார்த்து.

“மூடி?”

“பாலிஷ் போட்டோம் சார்.”

மீட்டர் மகளை ஓரமாக அழைத்துப் போனார். “ஆக்சிடெண்ட் வண்டிம்மா. பலமா அடி வாங்கியிருக்கு. பாடியை மாத்தி, பளபளன்னு ஆக்கி நிறுத்தியிருக்கான்.”

“லேப்டாப் எந்த லாரியிலப்பா போய் மோதும்?”

“உனக்குத் தெரியாது. வா, போகலாம்.”

வெள்ளிக்கிழமை அவரே ஒன்றை வாங்கிவந்தார். “ஒரே ஓனர். டாக்டர். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போயிட்டு வந்திருக்கு.”

மகள் திறந்து பார்த்தாள். “ரேம் நாலுதான்ப்பா இருக்கு.”

“நம்ம வீட்ல மூணு பேர்தானே?”

அவள் பதில் சொல்வதற்குள் வயர் லேசாகக் கழன்றது. லேப்டாப் அணைந்துவிட்டது. பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. “தள்ளி ஸ்டார்ட் பண்ற கேஸா?” என்று முனகிக்கொண்டே மீட்டர் டாக்டர் வீட்டுக்குத் திரும்பப் போனார்.

சனிக்கிழமை வந்தது விளையாட்டுப் பிரியர்களுக்கான லேப்டாப். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. “மத்ததெல்லாம் தகரம். இது இரும்பு” என்று மேஜையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். உள்ளே விசிறி சீறியது. “இன்ஜின் சத்தம் கேட்டியா!”

“யாரு மிக்ஸியை ஓடவிட்டுட்டு வந்தது?” என்று சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள். வந்து பார்த்தவள் மறுபடியும் கத்தினாள். லேப்டாப்புக்கு அடியில் பிளாஸ்டிக் மேஜை விரிப்பு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது, மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“திங்கட்கிழமை எல்லாரும் உள்ளே இருப்பாங்க. நான் மட்டும் வெளியே நிக்கணும்.”

மீட்டருக்கு என்னவோ போல் இருந்தது. “உன்னை ஏமாற விடக்கூடாதுன்னுதானேம்மா...”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரிப்பா. எப்படி இருந்தா நம்புவீங்க? அதைச் சொல்லுங்க.”

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். “உழைச்ச வண்டிக்கு உழைச்ச மூஞ்சி இருக்கணும். தூசி இருக்கணும். கை பட்டுப் பட்டு ஸ்டியரிங் தேஞ்சிருக்கணும். எதையும் மறைக்காம மூலையில போட்டிருப்பான் பாரு, அவன்தான் யோக்கியன்.”

மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை நோட்டு வாங்கக் கிளம்பியவள், ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். “அந்த முதல் கடைக்கே போய்ப் பார்ப்போமேப்பா. புதுசா ஏதாவது வந்திருக்கும்.”

கடைக்குள் நுழைந்ததும் மீட்டரின் கண் நேராக மூலை அலமாரிக்குப் போனது. தூசி படிந்த ஒரு லேப்டாப். மூடி முழுக்கப் பாதி உரிந்த ஸ்டிக்கர்கள். கீபோர்டில் நாலைந்து எழுத்துகளைக் காணவே காணோம்.

“அது வேண்டாம் சார், இன்னும் துடைக்கவே இல்ல” என்றார் கடைக்காரர்.

“துடைக்காதீங்க!” மீட்டர் ஓடிப்போய்த் தூக்கினார். முகர்ந்தார். தூசி வாசனை. அவர் முகம் மலர்ந்தது. “இது உழைச்ச வண்டி! என்ன விலை?”

“முப்பத்திரெண்டு.”

மகள் திறந்து பார்த்து, “அட, ரேம் பதினாறு இருக்குப்பா!” என்று ஆச்சரியப்பட்டாள். மீட்டர் அரை மணி நேரம் பேரம் பேசினார். இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பினார். கடைசியில் முப்பதாயிரத்துக்கு முடித்தார். கடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் மீட்டர் சாவியைத் திருகாமல் மகளைப் பார்த்தார். “அன்னைக்கு அந்த ஆக்சிடெண்ட் வண்டியை வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“நல்லவேளைப்பா.”

“இருபத்திரண்டு வருஷம்மா. ஒருத்தன், ஒரே ஒருத்தன் என்னை...”

கடையின் உள்ளறையில் ரிப்பேர் பார்க்கும் பெண், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு மூச்சிரைக்க ஓடிவந்து, மகள் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஒரு அட்டைப்பெட்டியை மகள் மடியில் வைத்தாள்.

“காலையில கழட்டச் சொன்னீங்களே, அந்தப் புதுக் கீபோர்டை மறந்துட்டுப் போறீங்க, உங்கப்பா வேலைக்குப் போனதும் எடுத்துட்டு வாங்க, மறுபடியும் மாட்டித் தூசியையும் துடைச்சு விட்டுடறேன்!”