பட்டு போர்த்திய பாறை

"அந்தப் பாறையில உண்மையில என்னதாங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள் இளவேணி.

"இப்படிக் கேள்வி கேட்கிற பொண்டாட்டிகளை ஆத்துல தள்ளணும்னு எழுதியிருக்கு," என்றான் கூத்தரசன், உப்பளத்துக்குப் போகத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே.

"விளையாடாதீங்க. துணியை விலக்கிக் காட்டச் சொன்னா என்ன?"

"கேட்கலாம். ஆனா நீ தனியாப் போய்க் கேட்டுடாதே, எனக்கும் பார்க்கணும். திருநாளுக்கு வந்துடுவேன், சேர்ந்து போவோம்."

அப்போது அவள் வயிற்றில் குழந்தை இருந்தது.

அலைவாய் நாட்டின் நடுவே வானத்தைப் பாதி மறைத்து ஒரு பாறை நிற்கிறது. பெருவெள்ளத்தில் பிழைத்த முன்னோர், இனி ஒருவரும் மூழ்கிச் சாகக்கூடாது என்று கூடிப் பேசி, நாட்டின் சட்டத்தை அதில் செதுக்கினார்கள். அதன் நிழல் மேலே விழுந்தால் சந்தையில் சண்டை போடுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். அவ்வளவு பக்தி. அந்தப் பக்தியால்தான் ஆண்டுதோறும் திருநாளில் பாறைக்கு ஒரு பட்டு சாத்தினார்கள். பழையதை எடுப்பது மரியாதைக் குறைவு என்பதால், பட்டின் மேல் பட்டாக ஏறியது. எழுத்தைக் கண்ட கண்கள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. வாய்வழியாக ஒரு வரி மட்டும் மிஞ்சியது: 'ஆற்றில் அரசு ஓடம் ஓடும்; ஓடமின்றி யாரும் ஆற்றைக் கடக்கலாகாது.'

கூத்தரசன் உப்பளத்துக்குப் போன பிறகு வந்த மழைக்காலத்தில், ஊருக்கு மேற்கே ஓடிய ஆறு தடம் மாறி, ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவே கிழக்கில் பாய்ந்தது. நீந்த முடியாத வேகம். ஓடம் கேட்டு மக்கள் அரண்மனைக்குப் போனார்கள்.

ஆட்சியில் இருந்தது முற்பொருள் மன்றம். அதன் தலைவர் தொன்மைநாதர் கண்களை மூடிக்கொண்டு பேசினார். "முன்னோர் ஆறு என்றபோது எதைப் பார்த்துச் சொன்னார்கள்? மேற்கே ஓடியதை. ஆகவே ஆறு மேற்கேதான் ஓடுகிறது."

"ஐயா, அங்கே வெறும் மணல்தான் கிடக்கு."

"மணலாகத் தெரிகிறது. அது உங்கள் காலத்துக் கண்ணின் கோளாறு."

அன்று முதல் மக்கள் மேற்கே போக வேண்டுமானால், ஓடத்தைத் தோளில் கயிறு கட்டி மணலில் இழுத்தார்கள். துடுப்புப் போடாமல் இழுத்தவர்களுக்குத் தண்டனை. கிழக்கே தண்ணீர் இல்லை என்று முரசு அறைந்தார்கள். அந்தக் கரைக்குப் போய் நனைந்த வேட்டியோடு வந்தவர்களை வதந்தி பரப்பியதாகப் பிடித்துப் போனார்கள்.

இளவேணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாலைதோறும் கரைக்குப் போய்க் குழந்தையை உயரத் தூக்கிக் காட்டுவாள். அக்கரையில் ஒரு தலைப்பாகை அவிழ்ந்து காற்றில் ஆடும். அந்தக் குழந்தைக்கு அப்பா என்றால் தூரத்தில் ஆடும் ஒரு துணி.

தேர்தல் வந்தது. தோள் புண்ணான மக்கள் வளர்பொருள் மன்றத்தை ஆட்சியில் உட்கார வைத்தார்கள். அதன் தலைவர் நயம்பாடியார் புன்னகையோடு அறிவித்தார். "சொல் என்பது உயிருள்ளது, வளரக்கூடியது. மனிதரைப் பிரிப்பதெல்லாம் ஆறு. தெருவும் ஆறே, முற்றமும் ஆறே."

எதிர்வீட்டில் மோர் வாங்கவும் ஓடம் தேவைப்பட்டது. நாட்டின் ஓடங்கள் எல்லாம் தெருக்களில் வந்து சிக்கிக்கொண்டன. மருத்துவச்சி ஓடத்துக்குக் காத்திருந்ததில் பக்கத்துத் தெருவில் ஒரு பிரசவம் கெட்டுப்போனது.

"அப்போ கிழக்கே இருக்கிற தண்ணி?" என்று கேட்டாள் இளவேணி.

"அது ஆறு என்ற நிலையைத் தாண்டி வளர்ந்துவிட்டது, அம்மா. கடல் என்று கொள்ள வேண்டும். கடல் வரைக்கும் சட்டம் இன்னும் வளரவில்லை. பொறுத்திருங்கள்."

அந்த ஆண்டுத் திருநாள் வந்தது. சென்ற திருநாளுக்குப் பின் நாட்டில் முதலாவதாகக் குழந்தை பிறந்த வீட்டார் பட்டு சாத்தி, ஒரு வேண்டுதல் சொல்வது வழக்கம். எல்லோரும் நல்ல மழை வேண்டும் என்பார்கள். இந்த முறை இளவேணியின் முறை.

இடுப்பில் குழந்தையும் கையில் பட்டுமாகப் படியேறினாள். அருகே போகப் போகப் பாறை வளர்ந்தது. இத்தனை பெரிய கல்லில் உளி கொண்டு எழுதியவர்கள், பின்னால் வரப்போகும் யாரோ ஒரு குழந்தை மூழ்கிவிடக் கூடாதென்று எத்தனை கவலைப்பட்டிருப்பார்கள்! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. குழந்தையும் அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தது.

இரண்டு தலைவர்களும் இருபுறமும் நின்றார்கள். அவள் பட்டைச் சாத்தாமல் திரும்பினாள்.

"ஐயா, உள்ளே இருக்கிற எழுத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்ப்பதா!" என்று பதறினார் தொன்மைநாதர். "மதிக்கிறவன் துணியை விலக்கிப் பார்ப்பானா?"

"பார்த்துவிட்டால் அது எப்படி வளரும்?" என்றார் நயம்பாடியார். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே மாதிரி தலையசைத்தார்கள்.

படியின் உயரத்திலிருந்து பார்த்தாள்; கிழக்கே, தண்ணீருக்கு அப்பால் ஒரு தலைப்பாகை ஆடிக்கொண்டிருந்தது. தனியாகக் கேட்டுடாதே என்ற குரல் அவள் காதில் இருந்தது. தனியாக இல்லை, பாருங்க என்று மனதுக்குள் சொல்லிக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கையிலிருந்த பட்டை மடித்துக் கீழே வைத்தாள்.

"எனக்கு மழை வேண்டாம், ஐயா. இந்தத் துணியெல்லாம் எடுங்க. நம்ம முன்னோர் நமக்கு எழுதினதை நாங்களே படிக்கணும்."