பேர் எழுதாத ஊறுகாய் பாட்டில்

"மாப்பிள்ளை, எம் பொண்ணுகிட்ட எதையாச்சும் மறைக்கோணும்னு தோணுச்சுன்னா..."

என் கல்யாணத்தன்று மாமனார் மைக்கைப் பிடித்துச் சொன்ன அறிவுரை. பாதிதான் கேட்டது. மேளக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, மீதியின் மேல் கொட்டி முழக்கிவிட்டார்கள். மருந்து பாட்டிலில் லேபிள் பாதி கிழிந்துபோனால் எப்படியோ, அப்படித்தான் நானும் இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தினேன்.

கிழிந்த பாதி தேவைப்பட்டது, ஊர் திரும்புவதற்கு முந்தைய வருடம். துபாயில், கராமாவில் இருந்தோம். எங்கள் ஒரே பையன் நிதின் ஓட்டல் படிப்பு முடித்து, ஐரோப்பாவில் மோரன்சே என்கிற ஏரிக்கரை ஊரில் வேலையில் இருந்தான். பொங்கலன்று போன் செய்து, அம்மா காதில் விழாத இடமாகப் போகச் சொன்னான்.

"அப்பா, லூக்காஸ்னு சொல்லுவேன்ல, அவன்கூடத்தான் இருக்கேன். ஃபிரெண்டு இல்லப்பா. நாங்க ஜோடி. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சரிப்பா" என்றேன். அன்றிலிருந்து உட்கார முடியவில்லை. டீ போடுவேன், ஆறிப்போகும். டிவி போடுவேன், நின்றுகொண்டே பார்ப்பேன். லிஃப்டில் கீழே இறங்குவேன், எதற்கு இறங்கினோம் என்று மறந்து ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிக்கொண்டு மேலே வருவேன். வீட்டில் தினமும் கொத்தமல்லிச் சட்னி.

ஜோதிமணி கரூர்க்காரி. மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்தவள். அவள் வாயிலிருந்து கோபத்தில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், பையன் இந்தத் திசைக்கே திரும்ப மாட்டான். அதனால்தான் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெயில் காலம் வந்தது. கூடவே அவள் கேள்வியும் வந்தது.

"ஏனுங்க, இந்த லீவுக்கு நிதின் ஊருக்குப் போலாங்களா?"

"ஜார்ஜியா போலாம் ஜோதி. நம்ம பில்டிங்கே அங்கதான் போகுது."

"அங்க நமக்கு யாரு இருக்காங்க?"

"மலை இருக்கு."

"மலையப் பெத்தது நானுங்களா?"

போனில் ஊரைக் காட்டச் சொன்னாள். மோரன்சே தன்னைப் பற்றி ஒளிக்கிற ஊர் இல்லை. 'எல்லா ஜோடிகளும் வருக' என்று தலைப்பே போட்டிருந்தது. முதல் படத்தில் ஏரிக்கரையில் இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்தார்கள். ஒருவரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினேன்.

"இவரு யாரு கையைப் புடிச்சுட்டு நடக்கறாருங்க?"

"அது ஒரு உடற்பயிற்சி."

"விரலை எடுங்க, ஏரியப் பாக்கோணும்."

"ஏரி பெருசு ஜோதி. போன்ல அடங்காது."

போவது என்று முடிவாகிவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. ரூம்மேட்!

கராமாவில் இந்தச் சொல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் மாடியிலேயே ஒரு ரூமில் ஆறு பேர். ஆளுக்கொரு கட்டில், ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு மூலை. தயிர் டப்பாவில் பேர், ஊறுகாயில் பேர், முட்டையில்கூடப் பேனாவால் பேர். கல்யாணத்துக்கு முன் நானும் அப்படி இருந்தவன்தான். என் முட்டை களவுபோன கதைகளை ஜோதிமணி கேட்டுச் சலித்துவிட்டாள்.

நிதினைக் கூப்பிட்டேன். "அம்மா வரும்போது லூக்காஸ் உன் ரூம்மேட். தெரிஞ்சுதா?"

"எத்தனை நாளைக்குப்பா?"

"அஞ்சு நாளைக்கு."

அதற்கு மேல் ஒரு பொய் கெடாமல் இருக்காது என்றுதான் டிக்கெட்டையே ஐந்து நாளைக்குப் போட்டிருந்தேன்.

கிளம்பும் வாரம், கீழே அத்தரும் வாட்சும் விற்கும் கீழக்கரை கௌஸ் முகைதீன் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, அக்கா நேத்து ஒரு வாட்ச் எடுத்துட்டுப் போனாங்க. மாப்பிள்ளைக்குன்னாங்க. உங்களுக்குப் பொண்ணே இல்லையேண்ணே?"

"அவ தம்பி மகளுக்கு நிச்சயம் ஆகப்போகுது பாய்" என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லி வாங்கப் போனேன்.

மோரன்சேயில் இறங்கினால், கடைக்குக் கடை வானவில் கொடி. ஏரியில் அன்னங்கள் மட்டும்தான் கொடி பிடிக்கவில்லை.

"ஏனுங்க, இது எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல ஜோதி. டூரிசம்."

"எல்லாக் கலரும் இருக்குதே. கூட்டணியாட்ட இருக்குது."

பெடல் படகில் இரண்டு தாத்தாக்கள் போனார்கள். ஒருவர் தொப்பியை மற்றவர் சரிசெய்து, கன்னத்தையும் தட்டிவிட்டார்.

"அண்ணன் தம்பி" என்றேன், அவள் கேட்பதற்கு முன்பே.

"அண்ணன் தம்பி இத்தனை ஒத்துமையாவா இருப்பாங்க? உங்கண்ணன் வரப்புல காலு வெச்சாலே நீங்க சர்வேயரைக் கூப்புடறீங்க."

நிதின் வீட்டுக் கதவைத் திறந்தது ஒரு நெட்டைப் பையன். சிவந்த முகம் இன்னும் சிவந்திருந்தது.

"வாங்க அத்தை. வாங்க... மாமா."

அத்தை சுத்தமாக வந்தது. மாமாவுக்குப் பயிற்சி போதவில்லை. பின்னால் நிதின் நகம் கடித்துக்கொண்டிருந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"ஜோதி, இவருதான் நிதினோட ரூம்மேட்!"

அவள் கையோடு கொண்டுவந்த வாட்சை அந்தப் பையன் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"இங்க வாங்க. ரூம்மேட்டுன்னா ஊறுகாயில பேரு எங்கீங்க? முட்டையில பேரு எங்கீங்க?"

நான் முட்டைகளைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தன.

"போன தீவாளிக்கு வீடியோவுல பாத்தேன். ஒரே ஊறுகா பாட்டில். ரெண்டு பேரும் ஒரே ஸ்பூன். அன்னிக்கே இவனைக் கேட்டேன், சொல்லிட்டான். நாலு நாள் அழுதேன், நீங்க வேலைன்னு சைட்டுல இருந்தீங்க. அப்பறம் லூக்காஸுக்குப் போன் போட்டு, சாப்டியா கண்ணுன்னு கேட்டேன்."

"அப்ப பொங்கலுக்கு இவன் எங்கிட்ட..."

"நாந்தான் சொல்லச் சொன்னேன். எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லாதேன்னேன். நீங்களா வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். வந்ததெல்லாம் கொத்தமல்லி."

நிதின் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றான்.

"எங்கப்பா மைக்குல சொன்னாரே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"பாதிதான் கேட்டுது. மேளம்."

"எனக்கு முழுசாக் கேட்டுது. மறைக்கோணும்னு தோணுச்சுன்னா, எங்க மறைக்கறதுன்னு அவளையே கேட்டுட்டு மறைங்கன்னாரு."

பெட்டியைத் திறந்தாள். மேலாக என் பட்டு வேட்டி. அதற்குக் கீழே இன்னும் இரண்டு புது வேட்டி, ஒன்று ரொம்ப நீளம்.

"சனிக்கிழமை ஏரிக்கரை டவுன் ஹால்ல கல்யாணமுங்க. லூக்காஸ் அம்மா அப்பா ரயில்ல வர்றாங்க. நீங்க போட்ட டிக்கெட்டு வெள்ளிக்கிழமையோட முடியுது. என்னோடதை நான் அப்பவே மாத்திட்டேன். உங்களோடது உங்க இஷ்டமுங்க."

லூக்காஸ் மேஜையில் தட்டு வைக்க ஆரம்பித்தான். மூன்று வைத்துவிட்டு, நான்காவதைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"அப்பா, இருப்பீங்களா?" என்றான் நிதின்.

அது சின்ன வீடு, குறுக்கும் நெடுக்கும் நடக்க இடமில்லை. கீழே இறங்கினால் கொத்தமல்லியும் கிடைக்காது.

பால்கனிக்குப் போய் துபாய் ஆபீசுக்குப் போன் போட்டேன். லீவைப் பத்து நாள் நீட்டிக்கச் சொன்னேன். காரணம் கேட்டார்கள்.

"மகனுக்குக் கல்யாணம்" என்றேன்.