மைதான ஓரத்து இருமல்

எல்ம்க்ரீக் கல்லூரி, ஒஹாயோ
நவம்பர், 1908

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய மாமா, பாதிரியார் ஹிங்கிள் அவர்களுக்கு மருமகன் ஆர்லோ தலைகுனிந்து எழுதுவது. அங்கே தாங்களும் அத்தையும் மாடுகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே தங்கள் மகள் கோரா சுகம். எனக்கு உடம்பு தேறிவிட்டது, மானம்தான் தேறவில்லை.

“எங்கள் மாப்பிள்ளைக்குச் சூதுவாது தெரியாது” என்று கல்லூரித் தலைவரிடம் சொல்லி இந்தப் பயிற்சியாளர் வேலையை வாங்கித் தந்தவர் தாங்கள். அந்த வாக்கைச் சனிக்கிழமை ஊர் பார்க்கக் கெடுத்துவிட்டேன். அடுத்தவர் வாயால் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

கால்பந்துக்கென்றுதான் கூப்பிட்டார்கள். வந்து பெட்டியை இறக்குவதற்குள் பேஸ்பாலும் நீங்களே என்றார்கள், பிறகு ஓட்டப்பந்தயம், பிறகு நான் கண்ணாலும் கண்டிராத கூடைப்பந்து. எல்லாவற்றிலும் தோற்றுக்கொண்டே வந்ததில் கால்பந்திலாவது தலைநிமிரலாம் என்று ஆசைப்பட்டேன். ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது, அணித்தலைவனே யோசித்து ஆடவேண்டும் என்பது விதி. பேசத்தானே கூடாது, இருமலாமே என்று என் புத்தி போயிற்று. ஒரு இருமலுக்குப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடு, இரண்டுக்கு வலப்பக்கம், நீளமாக இழுத்தால் பந்தைத் தூர உதைத்துவிடு. அணித்தலைவன் வெர்னன் சொன்ன சொல் தட்டாத பிள்ளை.

வெள்ளிக்கிழமை ஓட்டக்காரப் பையன்களோடு மழையில் நின்றதில் நெஞ்சில் நிஜமாகவே சளி கட்டிக்கொண்டது. கோரா வெங்காயப் பற்றுப் போட்டு, போகாதீர்கள் என்று கெஞ்சினாள். போனேன். பாதி ஆட்டத்தில் இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவேயில்லை. வெர்னன் இடப்பக்கம் ஓடினான், வலப்பக்கம் திரும்பினான், பந்தோடு தாண்டினால் புள்ளி கிடைக்கிற எல்லைக் கோட்டுக்கு நாலடி இருக்கையில் பந்தை உதைத்து எதிரிக்கே தானம் செய்தான், கடைசியில் நடுமைதானத்தில் நின்று என்னைப் பார்த்து அழுதுவிட்டான். நடுவர் மெதுவாக என்னிடம் நடந்து வந்தார்.

“ஐயா, வீட்டுக்குப் போய்ப் படுங்க. பசங்களாவது நிம்மதியா ஆடட்டும்.”

ஊரே சிரித்தது. வெங்காய வாடையோடு வீட்டுக்கு நடந்தேன். நான் வாசலை எட்டுமுன் மைதானத்தில் பெரிய ஆரவாரம் கேட்டது. நான் போனதும் பையன்கள் சொந்தப் புத்தியில் ஆடி ஜெயித்துவிட்டார்கள் மாமா. தோற்றிருந்தால்கூட இத்தனை வெட்கமாக இராது.

ஆலயத்தில் பெண்கள் கோராவிடம், “அவருக்கு இருமல் எப்படிம்மா இருக்கு?” என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள். அவள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். ராஜினாமா கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறோம். மாடு கறக்கவாவது என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். இனியாவது என்னால் உங்களுக்குத் தலைகுனிவு வராமல் கர்த்தர் காப்பாராக.

தங்கள் பணிவுள்ள மருமகன்,
ஆர்லோ பெட்டிபோன்

பின்குறிப்பு: ரயிலடிக்கு வண்டி அனுப்ப வேண்டாம். இப்போதுதான் கல்லூரித் தலைவர் வந்து ராஜினாமாவைத் திருப்பிக் கொடுத்தார். “நாலு ஆட்டத்துக்கும் ஒத்த ஆளு, நான் எங்க போய்த் தேடுவேன்? இருங்க. ஆட்டத்தன்னைக்கு மட்டும் மைதானத்துப் பக்கம் வந்துடாதீங்க” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன் மாமா. சொல்லும்போது கோராவின் முகத்தைப் பார்க்கவில்லை.