பிடுங்கிய ஒயரும் பியானோவும்

இந்தத் தடவை என் முதுகெலும்பைக் காப்பாற்றியே தீருவது என்று வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சபதம் எடுத்தேன். வாய்க்குள்தான். வாய்விட்டு எடுத்த சபதம் எதுவும் எங்கள் வீட்டில் மறுநாள் காபி வரை தாங்கியதில்லை.

காரணம் பியானோ. சாஸ்கட்டூன் நகரத்தில் என் சகலை மைரன் எங்கிருந்தோ ஒரு பழைய பியானோவைப் பிடித்து வந்திருக்கிறானாம். சனிக்கிழமை அதை பேஸ்மென்ட்டுக்கு இறக்க வேண்டுமாம்.

"மைரன் மேல பிடிப்பான், நீ கீழ பிடிக்கணும்," என்றாள் என் மனைவி லெஸ்யா.

"நான் ஏன் கீழ?"

"விழுந்தா மைரனுக்கு அடிபடக் கூடாது பாரு."

அதே சனிக்கிழமைதான் எங்கள் ஏரியில் மீன்பிடிப் போட்டி. உறைந்த ஏரியின் மேல் எனக்கென்று ஒரு குடிசை, அதற்குள் அடுப்பு, நாற்காலி, பனியில் துளை. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சாஸ்கட்டூனுக்கு நடக்க முடியாது. ஆகவே, வண்டி கிளம்பாவிட்டால்?

எங்கள் டீசல் டிரக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. கடும் குளிரில், உள்ளே போகும் காற்றை ஒரு ஹீட்டர் சுட வைத்தால்தான் அது எழுந்திருக்கும். ராத்திரி கரண்டில் போட்டு என்ஜினைச் சூடாக்கும் பிளக் வேறு போன வாரம் எரிந்துபோயிருந்தது. அந்த ஹீட்டரை எழுப்புவது ரிலே என்ற சின்ன டப்பா. மெல்லிய ஒயரில் உத்தரவு வரும். ரிலே 'டக்' என்று வழிவிடும். தடித்த ஒயர் கரண்டைச் சுமந்து ஓடும். உத்தரவு போடுவது ஒல்லி, சுமப்பது தடி. எங்கள் குடும்ப ஏற்பாடும் அதேதான்.

சாப்பிட்டதும் வெளியே போனேன். பானெட்டைத் தூக்கினேன். ஒல்லியைப் பிடுங்கினேன். மடித்து ஒரு குழாய்க்குப் பின்னால் செருகினேன். விசில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தேன்.

காலையில் மைனஸ் முப்பத்தைந்து. செல்ஃப் அடித்தேன். வண்டி இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, படுத்துவிட்டது. முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு இறங்கினேன்.

"லெஸ்யா, செத்துப்போச்சு."

பெரோகிக் கொழுக்கட்டை டப்பாவைச் சீட்டில் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "சாவி போட்டதும் பேட்டரி முள் இறங்குச்சா?"

"எந்த முள்?"

"ஹீட்டர் கரண்ட் குடிச்சா முள் தலை குனியும். குனியலைன்னா அது குடிக்கலை. உன்னை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறேனோ அப்படித்தான்."

அவள் அப்பாவின் தானிய லாரிக்கடியில் வளர்ந்தவள். நான் கல்யாணத்தின்போது அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருக்க வேண்டும்.

"நீ போய் சாவியைத் திருப்பு. நான் காது வெச்சுக் கேக்கறேன்."

திருப்பினேன். டக் இல்லை. அவள் டெஸ்ட் லைட்டை எடுத்தாள். தடி ஒயர் ரிலேக்குள் நுழையும் இடத்தில் வைத்தாள், எரிந்தது. வெளியேறும் இடத்தில் வைத்தாள், எரியவில்லை.

"கரண்ட் வாசல் வரைக்கும் வருது. கதவு திறக்கலை."

"ஹீட்டரே போயிருக்கும். புது சாமான் வர ஒரு வாரம் ஆகும். பாவம் மைரன்," என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வெண்டல், பனியைத் துளைக்கும் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"என்னப்பா ஓரெஸ்ட், கிளம்பலையா? நீ நேத்தே சொன்ன மாதிரி..."

நான் இருமினேன். வண்டியைவிட நன்றாகவே இருமினேன்.

"நேத்தே என்ன சொன்னார்?" என்றாள் லெஸ்யா.

"குளிரும்னு சொன்னார்," என்று சொல்லிவிட்டு வெண்டல் ஏரிப் பக்கம் ஓட்டமாக நடந்தான்.

அவள் கையுறையைக் கழற்றினாள். அந்தக் குளிரில் வெறும் கை! ரிலேக்கு அடியில் தடவினாள். குழாய்க்குப் பின்னால் விரலை விட்டு ஒல்லியை வெளியே இழுத்தாள்.

"குளிர்ல சுருங்கிக் கழண்டிருக்கும்," என்றேன்.

"சுருங்கிக் கழண்டு, தானே மடிஞ்சு, குழாய்க்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுகிட்டதாக்கும்? வெட்கம் தெரிஞ்ச ஒயர். சிலருக்கு அதுகூட இல்லை."

மாட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள். 'டக்!' முள்ளும் இறங்கியது. ஆனால் அவள் முகம் தெளியவில்லை.

"பாதிதான் இறங்குது. வேற என்னமோ இருக்கு."

இது நான் செய்ததல்ல, சத்தியம். தடி ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். ஹீட்டரில் போல்ட்டு சேரும் இடத்தில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. ஒயரின் தோல் கருகிப்போய் இருந்தது. ஒரு மாதமாக வண்டி முனகியதற்கு நான் டீசலைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கருகியதை வெட்டி, புது முனை போட்டு, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்கினாள். விரல்கள் சிவந்துவிட்டன. ஊதிக்கொண்டாள், திரும்பவும் முடுக்கினாள். நான் பிடுங்கியதற்கு மருந்து என் கையிலேயே இருந்தது. இது நெடுஞ்சாலையில் எரிந்திருந்தால் அவள் பனியில் நின்றிருப்பாள். அதை நினைத்ததும் எனக்குக் குளிர் உறைத்தது.

பேட்டரியை மாட்டி, பானெட்டை மூடி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முள் தரைமட்டமாகத் தலை குனிந்தது. பக்கத்தில் நானும். என்ஜின் ஒரே அடியில் பிடித்துக்கொண்டு சிங்கம் போல உறுமியது. கைதட்டிவிட்டேன். எங்கள் ஜில்லாவில் இப்படி ஒரு கை எந்த ஆம்பளைக்கும் கிடையாது.

"லெஸ்யா, மன்னிச்சுடு. வா, போகலாம். பியானோவை நான் ஒருத்தனே இறக்கறேன்!" உணர்ச்சிவசப்பட்டுக் கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது.

அவள் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"பியானோவா? அதைப் போன மாசமே ஆள் வெச்சு இறக்கியாச்சு."

"அப்போ...?"

"பியானோன்னு சொன்னா முதுகு வலின்னு நீயே நழுவிடுவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா வண்டி மேல கை வெச்சுட்டே." கியரைப் போட்டாள். "நானும் அக்காவும் ஹாக்கி மேட்ச் போறோம். டிக்கெட் ரெண்டுதான் கிடைச்சுது. நீயும் வரேன்னு சொல்லிடுவியோன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லை!"