பதுவாவுக்கு நாலு டிக்கெட்

ஃபெராரா,
ஜூன் 12, 1996

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள நீவெஸ் அக்காவுக்குத் தங்கை எல்விரா எழுதிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் சமையலறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; யாரைத் திட்டுவது என்று நீ பிறகு குழம்பக் கூடாது. நான். என் வீட்டுக்காரர் ஓரெஸ்தே. அவருடைய அக்கா ஆர்ஜியா. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாடி வீட்டுப் பிரீமோ. அவர் மச்சான் ஒரு காலத்தில் ரயில்வேயில் சிக்னல் இறக்கியவர் என்பதால், ரயில் சம்பந்தப்பட்ட எதையும் இவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பிறகு பூனை. அன்று வாயைத் திறக்காதது அது ஒன்றுதான்.

இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்கும், முக்கியமாக உன் கண்ணுக்கும், தினமும் செபமாலையில் பத்து மணி தனியாகச் சொல்கிறேன். நீ பூதக்கண்ணாடி பிடித்துப் படிப்பாய் என்று எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன், தாள் செலவானால் ஆகட்டும். வருகிற இருபதாம் தேதி கண் ஆபரேஷன், அதற்குள் உன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அப்புறம் என்ன தெரியுமோ என்ன தெரியாதோ என்று நீ எழுதியிருந்ததை நான்தான் அன்று மேசையில் படித்துக் காட்டினேன். ஆர்ஜியா அழுதாள். ஓரெஸ்தே, "இந்தத் தடவை போயே தீரணும்" என்று மேசையைத் தட்டினார். அதோடு நல்ல காரியம் முடிந்தது.

ஒரு மணி நேர ரயில், அக்கா. வண்டி மாற வேண்டாம். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். பதிமூன்றாம் தேதி உங்கள் ஊர் அந்தோனியார் திருநாள், கூட்டம் நசுக்கிவிடும், அதனால் வேண்டாம் என்றார்கள், அது நியாயம். மறுநாள் வெள்ளி என்றேன். "வெள்ளியும் செவ்வாயும் நான் வாசப்படி தாண்ட மாட்டேன், அந்த ரெண்டு நாள்ல கல்யாணமும் ஆகாது பயணமும் ஆகாது" என்று ஆர்ஜியா எழுந்தே நின்றுவிட்டாள். "நீதான் கல்யாணமே பண்ணிக்கலையே அக்கா, பாதி ஆபத்து கழிஞ்சுபோச்சு, உக்காரு" என்றார் ஓரெஸ்தே. "வெள்ளிக்கிழமைன்னா எப்படியும் ரயில் வேலைநிறுத்தம்தான்" என்று பிரீமோ முடித்துவைத்தார். சரி, திங்கள் என்றேன். திங்கள் பதினேழாம் தேதியாம். "பதினேழா? போ நதிப் பாலத்துமேல வண்டி போகும்போது எல்லாரையும் ஆத்துல தள்ளப் போறியா?" என்று நாத்தனார் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஊரே ராசியில்லாத எண் என்றாலும் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அதில் என்ன பயம் என்று கேட்டேன். ஆண்டவரை நம்புவது வேறு, பதினேழை நம்புவது வேறு என்கிறாள். கடைசியில் சனிக்கிழமை என்று முடிவாயிற்று. முடிவானதும் எங்கே உட்காருவது என்பதற்குப் போனார்கள். ஓரெஸ்தேவுக்கு வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால்தான் வயிறு நிற்கும். ஆர்ஜியாவுக்குப் பிடரியில் காற்று படக் கூடாது, பட்டால் ஒரு வாரம் கழுத்து திரும்பாது, அதனால் ஜூன் மாதத்தில் கம்பளிச் சால்வையோடு வருவாள், சன்னல் மூடியிருக்க வேண்டும். பிரீமோவுக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும், கழிவறையும் நாலடிக்குள் இருக்க வேண்டும். நான் எங்கே உட்காருவது என்று யாரும் கேட்கவில்லை. நான் மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்காருவேன் என்று எல்லோருக்கும் தெரியும். பதுவாவில் யாருக்கும் பூசணி அடைத்த கப்பெல்லாச்சி சரியாகச் செய்ய வரவில்லை என்று நீ எழுதியதால், நான் அப்போதே மாவு தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குமேல் ஒரு குடுவையில் கோழி ரசமும் வேண்டும் என்றாள் ஆர்ஜியா. "ஒரு மணி நேரத்துல யாருக்குப் பசிக்கும்?" என்றேன். "வண்டி வயல் நடுவுல நின்னுபோச்சுன்னா?" என்றாள். போன காலத்துப் போரையே நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

இதுவரைக்கும் நான் பொறுத்தேன். இனிமேல்தான் கேள். திங்கட்கிழமை ஓரெஸ்தே புகையிலைக் கடையில் நாலு டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஒத்திகைக்கு என்று ஸ்டேஷன்வரை போய்வந்தார். இன்று காலை பிரீமோ வந்ததும், பெருமையாகச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பினார். "சனிக்கிழமை அந்த மஞ்சப் பெட்டிக்கிட்ட வரிசையா நிப்பாங்க. நமக்கு எதுக்கு அவசரம்னு நாலுலயும் அன்னைக்கே முத்திரை குத்திட்டேன்."

பிரீமோ டிக்கெட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "ஓரெஸ்தே அண்ணே, உங்க டிக்கெட் திங்கக்கிழமையே பதுவா போய்ச் சேந்துடுச்சு" என்றார்.

ஏறுவதற்குச் சற்று முன்னால் அந்தப் பெட்டியில் நுழைத்தால் நாளும் மணியும் பதியும், பதிந்தால் சில மணி நேரத்தில் அது வெறும் காகிதம் என்பது இந்த நாட்டில் தள்ளுவண்டியில் போகும் குழந்தைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். அவசரத்துக்குப் பயந்து மறந்திருக்கிறார். ஒப்புக்கொண்டாரா? "லேட்டா குத்தினாத்தானே தப்பு? முன்கூட்டியே குத்தினவனுக்கு எதுக்கு அபராதம்? டிக்கெட் பரிசோதகர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்கிறார். வேறு வாங்க மாட்டாராம், அது தோல்வியை ஒத்துக்கொண்டதாக ஆகுமாம். ஆர்ஜியா இது மேலிருந்து வந்த எச்சரிக்கை என்கிறாள். மூவருமாகச் சேர்ந்து, வெயில் தணிந்து செப்டம்பரில் போகலாம் என்கிறார்கள். மூன்று வருடமாக ஒவ்வொரு செப்டம்பரிலும் நாங்கள் வந்துகொண்டே இருப்பதும், இன்னும் வந்து சேராததும் உனக்குத் தெரியும். செப்டம்பரில் அக்கா என் முகத்தைப் பார்ப்பாளா, குரலை மட்டும் கேட்பாளா என்று கேட்டேன். "கண் ஆபரேஷன் இப்பல்லாம் பல்லு பிடுங்கற மாதிரிம்மா" என்றார் பிரீமோ. அவர் வாயில் ஒரு பல்கூட இல்லை.

செத்துப்போன டிக்கெட்டை வீட்டுக் கணக்கில் பயணம் என்று எழுதுவதா காணிக்கை என்று எழுதுவதா என்று பேனாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு, இந்தக் கடிதத்தை எடுத்தேன். காலையிலிருந்து மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, கோவிலுக்குப் போயிருப்பாய். காணாமற்போனதையெல்லாம் தேடித் தருகிற அந்தோனியார் உன் ஊரிலேயே குடியிருக்கிறார், இங்கிருக்கும் நாலு பேரை அங்கே கொண்டுவந்து சேர்க்க அவருக்கே வழி தெரியவில்லை. கோபமாகத்தான் செபித்தேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் ஊரில்தானே இருப்பேன்.

ஆகவே எங்களை எதிர்பார்த்து மேசை போடாதே. உன் தங்கையை மன்னித்துவிடு. தேவதாய் உன் கண்ணை இமையாக இருந்து காக்கட்டும். இவர்கள் மூவரும் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார்கள். தெரிவித்துவிட்டேன், அதற்குமேல் நான் பொறுப்பில்லை.

உன் அன்புத் தங்கை,
எல்விரா

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. திறந்தால் நீ நிற்கிறாய், தோளில் ஒரு பையோடு, தனியாக. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாய். "மூக்கு அப்பா மூக்கேதான். ஆனா குண்டாயிட்டடி" என்றாய். ஓரெஸ்தே முதலில் கேட்டது, "டிக்கெட்டுல முத்திரை குத்தினீங்களா?" நீ, "குத்தணுமா? வண்டியில டிக்கெட் பாக்க வந்த பையன் என் கண்ணைப் பாத்துட்டு அவனே கையால தேதி எழுதிக் குடுத்தான்" என்றாய். வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்து வந்தாயாம், சன்னல் திறந்தே இருந்ததாம். ஆர்ஜியா உன் பிடரியைத் தொட்டுப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

மேலே எழுதியதெல்லாம் ரத்து. இப்போது நீ திரும்பிப் போவதற்கு அவர்கள் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள், மேசையில் உன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுவது உனக்கும் கேட்கும். அவர்கள் எதிரில் சொல்ல முடியாததால் இந்தக் கடிதத்தை உன் தட்டுக்குக் கீழே வைக்கிறேன். வெள்ளிக்கிழமை போகலாம், அக்கா. ஆர்ஜியா வாசற்படி தாண்ட மாட்டாள், பிரீமோ வேலைநிறுத்தம் என்பார், அவர்கள் இல்லாமல் ஓரெஸ்தே கிளம்ப மாட்டார். நான் மட்டும் வருகிறேன். ஆபரேஷன் முடிந்து உன் கண் கட்டைப் பிரிக்கும்போது எதிரில் நான் உட்கார்ந்திருப்பேன். வரட்டுமா? சீக்கிரம் பதில் சொல்லு.