கல்லு மேஸ்திரியும் நான்காவது மைலும்

இரண்டாம் உலகப் போரில் எதிரிப்படை அரூர்–தீர்த்தமலை ரோட்டில் கால் வைக்கவில்லை என்றால் அதற்கு ஒரே ஓர் ஆள்தான் காரணம். எங்கள் கல்லு மேஸ்திரி.

பத்து மைல் ரோடு அது. மலைக்குத் தீர்த்தமாடப் போகிறவர்களின் வண்டித்தடத்தை ஜல்லி போட்டு ரோடாக்கியபோது மைல்கல் ஒவ்வொன்றையும் நின்று நட்டவர் அவர். ஐந்தாம் கல்லில் எவனோ வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிவிட்டான் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த மனிதர். நான் அரூரில் ரோட்டு ஆபீஸ் குமாஸ்தா.

போர்க்காலத்தில் ஓர் உத்தரவு வந்தது. எதிரி வந்தால் வழி தெரியக்கூடாதாம். மைல்கல்லில் உள்ள ஊர்ப்பெயரையெல்லாம் அழிக்க வேண்டுமாம். படித்துக் காட்டினேன். மேஸ்திரி கண் கலங்கிவிட்டார். ஆனாலும் தார் டின்னோடு போய்ப் பத்துக் கல்லையும் கறுப்பாக்கிவிட்டு வந்தார்.

அதோடு விட்டாரா?

"கல்லே வாயத் தொறக்கக் கூடாதுன்னா, நாம தொறக்கலாமுங்களா?"

அன்றிலிருந்து யார் வழி கேட்டாலும், "சொல்ல உத்தரவு இல்லீங்க." சோதனைக்கு வந்த ஓவர்சியர், "இது எத்தனாவது மைல்?" என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

அவருக்கு ஒரே மகள். இரண்டு வரன் தட்டிப்போய், மூன்றாவதாகப் பொம்மிடிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். இதுவும் போனால் மகள் கதி என்ன என்று மேஸ்திரி என்னிடம் அழாத குறை. அன்று என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். நான் போனபோது அவரைக் காணோம். மாப்பிள்ளை வீட்டு வண்டி குலுங்கக் கூடாதென்று ரோட்டில் பள்ளம் மூடப் போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"கிளார்க்கய்யா, வேவுக்காரனுங்க வந்துட்டானுங்க! ஒரு வண்டி ஆளு. ஏரித்தடத்துல திருப்பி வுட்டுட்டேன்."

"வேவுக்காரர்கள்தான் என்று எப்படித் தெரியும்?"

"மேஸ்திரி வூடு எதுன்னு கேட்டானுங்க! ரோட்டப் புடிக்கணும்னா மொதல்ல என்னத்தானுங்களே புடிக்கணும்? நாலு பொம்பளைங்க வேற. பூவு, வெத்தலத் தட்டு... பயங்கர வேசமுங்க!"

அவர் மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அய்யோ, மாப்ள வூட்டுக்காரங்கய்யா அது!"

ஓடினோம். ஏரிச் சேற்றில் வண்டி அச்சு வரை இறங்கியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் முழங்கால் சேற்றோடு எங்களை முறைத்தார்.

"நீ யாருய்யா மொதல்ல?"

மேஸ்திரி வாயைத் திறந்தார், மூடினார். பிறகு பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"கிளார்க்கய்யா, இப்ப சொல்லலாமுங்களா?"

"உத்தரவு! சொல்லும்!" என்று கத்தினேன்.

"நாந்தானுங்க மேஸ்திரி."

பெரியவர் உத்தரவுக் கதையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சேற்றில் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தார். "இந்த வூட்டுல பொண்ணு எடுத்தா நம்ம வூட்டுச் சேதி வெளிய போவாது!" தையில் கல்யாணம் நடந்தது.

போர் முடிந்ததும் ஊர்ப்பெயர்களைத் திரும்ப எழுதச் சொன்னார்கள். மேஸ்திரி எழுதினார். நான்காம் கல்லில் மட்டும், யாரும் சொல்லாமலே, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மேஸ்திரி வூடு, ஒரு பர்லாங்கு.' மகள் பிறந்த வீட்டுக்கு வரும்போது வழி தவறக் கூடாதல்லவா?

அந்த வரியை அழிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. காட்டினால் அழுதுகொண்டே அழித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஆபீஸில் இருந்தவரை நான் மீறிய உத்தரவு அது ஒன்றுதான். கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.